நெல்லை வெயிலில் பல கிராபிக்ஸ் கார்டு கணினி: வெப்பத்தை வெளியேற்ற முழுமையான வழிகாட்டி

ஒரே கணினியில் இரண்டு, மூன்று கிராபிக்ஸ் கார்டுகளைப் பொருத்தி வேலை வாங்குவது திருநெல்வேலிப் பக்கத்திலும் சாதாரணமாகிவிட்டது. திருமண வீடியோ தொகுக்கும் ஸ்டூடியோக்கள், கட்டடங்களின் முப்பரிமாணப் படம் தயாரிப்பவர்கள், செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளை வீட்டிலேயே ஓட்டிப் பார்க்கும் பொறியியல் மாணவர்கள் என்று பலரும் இதில் இறங்கியிருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்குப் படிக்கக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை 20, 22 டிகிரி அறையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. எந்தக் கேபினெட், எத்தனை ஃபேன் என்பதோடு அவை நின்றுவிடுகின்றன. நம் ஊரில் பாதிப் பிரச்சினை கேபினெட்டுக்கு வெளியே இருக்கிறது.

வெப்பத்தை எந்தக் கருவியாலும் அழிக்க முடியாது. இடம் மாற்றத்தான் முடியும். கார்டின் சில்லிலிருந்து (சிப்) அதன் மேல் அமர்ந்த ஹீட்சிங்க் என்னும் உலோகத் தகடுகளுக்கு, அங்கிருந்து கேபினெட் காற்றுக்கு, அதிலிருந்து அறைக்கு, அறையிலிருந்து தெருவுக்கு. இந்த வரிசையில் எந்த இடம் அடைத்துக்கொண்டாலும் அதற்கு முந்தைய இடங்கள் எல்லாம் சூடேறும். விலை உயர்ந்த ஃபேன்களை வாங்கிப் போட்டும் கார்டு சூடாகவே இருக்கிறது என்று வருந்துபவர்களின் அறைக்குள் நுழைந்து பார்த்தால், ஜன்னல் சாத்தியிருக்கும். ஆகவே இந்த வழிகாட்டி தெருவரை போகிறது.

முதலில் நம் வானிலையைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பாளையங்கோட்டையில் ஏப்ரல், மே மாதப் பகல் வெப்பம் 38 டிகிரியைத் தாண்டுவதும் 40-ஐத் தொடுவதும் புதிதல்ல. கத்திரி வெயில் முடிந்தால் தணிந்துவிடும் என்பதும் நமக்குப் பொருந்தாது. தென்மேற்குப் பருவக்காற்று குற்றாலத்திலும் செங்கோட்டையிலும் சாரலாக விழும் அதே நாட்களில், மேற்குத்தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் திருநெல்வேலி, நாங்குநேரி, வள்ளியூர்ப் பகுதிகளில் வெயில் காய்ந்துகொண்டே இருக்கும். பங்குனியில் தொடங்கும் வெப்பம் புரட்டாசிவரை நீளும் என்று கணக்கு வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். தரவு மையங்களில் கணினிகள் உள்ளிழுக்கும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது ஆஷ்ரே என்னும் அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் பரிந்துரை. ஏ2 என்ற வகைச் சாதனங்களுக்கு அது அனுமதிக்கும் உச்சம் 35. சித்திரை மதியத்தில் நம் மாடி அறை அந்த உச்சத்தையும் தாண்டியே நிற்கிறது.

படி 1: மொத்த வாட் எவ்வளவு என்று கண்டுபிடியுங்கள்

கணினி இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளிவருகிறது. எனவே வாட் கணக்குதான் வெப்பக் கணக்கு. ஒரு ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுக்கு 350 வாட், 4090-க்கு 450 வாட், 5090-க்கு 575 வாட் என்பது அவற்றை வடிவமைக்கும் என்விடியா நிறுவனம் குறித்திருக்கும் அளவு. 3060 கார்டு 170 வாட்டோடு முடிந்துவிடும்.

இரண்டு 3090 உள்ள கணினியை எடுத்துக்கொள்வோம். கார்டுகளுக்கு 700, பிராசசருக்கு 150, மதர்போர்டு, ஃபேன், டிஸ்க் எல்லாவற்றுக்கும் 70 என்றால் 920 வாட். எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி) நூற்றுக்கு 90 பங்கு திறனுடையது என்று வைத்தால், சுவர் பிளக்கில் இழுப்பது ஏறத்தாழ 1,000 வாட். மணிக்கு ஒரு யூனிட். இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாத மின்கணக்கில் 1,440 யூனிட் இதற்கு மட்டுமே சேரும். வெப்பத்தைக் குறைக்கும் ஒவ்வொரு வழியும் மின்கட்டணத்தையும் குறைக்கும் என்பதை இப்போதே மனத்தில் வையுங்கள்.

படி 2: அறை வெப்பத்தையும் சேர்த்து அளந்து எழுதுங்கள்

கார்டு 82 டிகிரி காட்டுகிறது என்று சொன்னால் அதில் பாதிச் செய்திதான் இருக்கிறது. அறை அப்போது எத்தனை டிகிரி என்பது மறுபாதி. அறை 28-இல் இருக்கும்போது 82 என்றால் அந்தக் கணினியில் கோளாறு இருக்கிறது. அறை 38-இல் இருக்கும்போது 82 என்றால் கணினி நன்றாகவே வேலை செய்கிறது, அறைதான் சரியில்லை. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

ஒரு சாதாரண டிஜிட்டல் வெப்பமானியை வாங்கி, கேபினெட்டின் காற்று உள்ளே போகும் முகப்பில் தொங்கவிடுங்கள். கார்டுகளுக்கு முழு வேலை கொடுத்து அரை மணி நேரம் ஓடவிடுங்கள். சில நிமிடங்களிலேயே அளவு நிலைத்துவிட்டதுபோல் தோன்றினாலும், கேபினெட்டின் இரும்பும் அறையும் சூடேற நேரம் எடுக்கும். பிறகு ஒவ்வொரு கார்டுக்கும் மூன்று அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: சில்லின் வெப்பம், ஹாட்ஸ்பாட் எனப்படும் சில்லின் மிகச் சூடான புள்ளி, நினைவகத்தின் வெப்பம். விண்டோஸில் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள், இவற்றில் உங்கள் கார்டு தெரிவிக்கும் அளவுகளைக் காட்டும். லினக்ஸில் என்விடியா-எஸ்எம்ஐ என்ற கருவி சில் வெப்பத்தையும் வாட்டையும் காட்டும். ஆனால் ஆர்டிஎக்ஸ் 3090, 4090 போன்ற ஜிஃபோர்ஸ் கார்டுகளின் நினைவக வெப்பத்தைக் காட்டாது.

இந்த நினைவக வெப்பத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. 3090 கார்டில் ஜிடிடிஆர்6எக்ஸ் நினைவகச் சில்லுகள் முன்புறம் 12, பின்புறம் 12 என்று அமைந்திருக்கின்றன. முன்புறத்துக்கு ஹீட்சிங்க் உண்டு. பின்புறத்துக்கு வெறும் உலோகத் தகடுதான். சில் 70 டிகிரி என்று நிம்மதியாகக் காட்டும்போதே பின்புற நினைவகம் 100-ஐக் கடந்திருக்கலாம். 110 டிகிரியில் கார்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 24 ஜிபி நினைவகம் மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய 3090 கார்டுகளைத் தேடி வாங்குகிறவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும். பின்னால் வந்த 4090-இல் நினைவகம் முழுவதும் முன்புறத்துக்கு வந்துவிட்டதால் இந்தத் தொல்லை குறைவு.

கார்டு வெப்பத்திலிருந்து அறை வெப்பத்தைக் கழித்து வரும் எண்ணை நோட்டில் எழுதி வையுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அந்த எண் இறங்குகிறதா என்று பாருங்கள். அறை 10 டிகிரி ஏறினால் கார்டும் ஏறத்தாழ அதே 10 டிகிரி ஏறும். தை மாதத்தில் 73 காட்டிய கார்டு சித்திரையில் எங்கே போய் நிற்கும் என்பதை இப்படி முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

படி 3: கார்டுகளுக்கு நடுவே இடம் விடுங்கள்

நிமிர்த்தி வைத்த கேபினெட்டில் கார்டுகளின் ஃபேன்கள் கீழ்நோக்கி இருக்கும். மேல் கார்டு காற்றை இழுக்க வேண்டிய இடத்தில் கீழ் கார்டின் சூடான முதுகு இருக்கிறது. ஒருவர் விட்ட மூச்சையே மற்றவர் இழுப்பதுபோல, கீழ் கார்டு துப்பும் காற்றைத்தான் மேல் கார்டு குடிக்கிறது. அதனால் பிராசசருக்கு அருகில் இருக்கும் மேல் கார்டு எப்போதும் கூடுதலாகச் சூடாகும்.

மதர்போர்டில் கார்டு செருகும் ஒரு ஸ்லாட்டுக்கும் அடுத்த ஸ்லாட்டுக்கும் இடைவெளி 20.32 மில்லிமீட்டர். கார்டு மூன்று ஸ்லாட் தடிமன் என்றால், இரண்டாவது கார்டைக் குறைந்தது நான்கு ஸ்லாட் தள்ளிப் பொருத்த வேண்டும்; அப்போதுதான் நடுவே ஒரு ஸ்லாட் அளவு காற்று வழி கிடைக்கும். இதை மதர்போர்டு வாங்குவதற்கு முன்பே படத்தில் எண்ணிப் பாருங்கள். வாங்கிய பிறகு தெரிந்தால் செய்வதற்கு அதிகம் இல்லை.

கார்டுகளில் இரண்டு வகை உண்டு. இரண்டு, மூன்று ஃபேன்களோடு வருபவை சூடான காற்றைக் கேபினெட்டுக்குள்ளேயே விட்டுவிடும். புளோயர் வகைக் கார்டுகள் அதைப் பின்புறத் துளை வழியாக நேரே வெளியே தள்ளும். ஒரு கார்டு மட்டும் என்றால் முதல் வகை நல்லது, சத்தமும் குறைவு. மூன்று, நான்கு கார்டுகளை நெருக்கமாக அடுக்கப் போகிறீர்கள் என்றால் புளோயர்தான். ஆர்டிஎக்ஸ் ஏ6000 போன்ற 300 வாட் பணிநிலையக் கார்டுகள் இரண்டே ஸ்லாட் தடிமனில் புளோயரோடு வருவது இதற்காகத்தான். சத்தம் அதிகம், படுக்கையறைக்கு ஆகாது.

சர்வர்களிலிருந்து கழற்றி விற்கப்படும் டெஸ்லா பி40 போன்ற கார்டுகள் விலை குறைவாகக் கிடைப்பதைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் கவனிக்க வேண்டும்: 250 வாட் இழுக்கும் அந்தக் கார்டில் ஃபேனே கிடையாது. சர்வர் பெட்டியின் வேகமான காற்றை நம்பி வடிவமைத்தது. தனியாக ஊதும் ஃபேனைக் குழாயோடு பொருத்தாமல் அதைச் சாதாரணக் கேபினெட்டில் ஓட்ட முடியாது.

திறந்த சட்டத்தில் ரைசர் எனப்படும் நீட்டிப்புக் கேபிள் போட்டுக் கார்டுகளைத் தள்ளித் தள்ளித் தொங்கவிடுவது இன்னொரு வழி. வெப்பத்துக்கு அதைவிட எளிய தீர்வு இல்லை. ஆனால் நம் ஊர்க் காற்றில் தூசி அப்படியே வந்து அமரும், பல்லி ஏறும், குழந்தைகள் கை வைப்பார்கள். கதவு சாத்திய, வடிகட்டிய காற்று வரும் அறை இருந்தால் மட்டும் திறந்த சட்டத்துக்குப் போகலாம் என்பது என் கருத்து.

படி 4: மின் வரம்பை இறக்குங்கள்

மின் வரம்பு என்பது கார்டு அதிகபட்சம் இழுக்கக்கூடிய வாட். ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல் மிக அதிகப் பலன் தரும் படி இது. மற்றதையெல்லாம் நாளைக்குத் தள்ளிவைத்தாலும் இதை இன்றே செய்துவிடுங்கள்.

சில்லின் மின்செலவு வேகத்துக்கு நேர் விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் ஏறுகிறது. கடைசிச் சில மெகாஹெர்ட்ஸைப் பெறுவதற்காகத் தொழிற்சாலையில் மின்னழுத்தத்தை ஏற்றி அனுப்புகிறார்கள். அந்தக் கடைசிப் பகுதியை விட்டுக்கொடுத்தால் வாட் வெகுவாக இறங்கும். வேகம் சிறிதளவே இறங்கும். 350 வாட் கார்டை 270-க்கு இறக்கினால், வாட் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைகிறது. வேகம் அதே அளவு குறைவதில்லை. மொழி மாதிரிகளிடம் கேள்வி கேட்டு விடை பெறும் வேலையில், சில்லைவிட நினைவகத்தின் வேகமே முட்டுக்கட்டை என்பதால் இழப்பு இன்னும் குறைவு.

கார்டு தயாரிப்பாளர்களும் இதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆர்டிஎக்ஸ் ப்ரோ 6000 பிளாக்வெல் கார்டைப் பணிநிலையத்துக்கு 600 வாட்டில் விற்கும் என்விடியா, ஒரே பெட்டியில் பல கார்டு அடுக்குவோருக்காக அதையே மேக்ஸ்-க்யூ என்ற பெயரில் 300 வாட்டில் புளோயரோடு விற்கிறது.

லினக்ஸில் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையோடு ‘பிஎல்’ என்ற குறியைச் சேர்த்து, வேண்டிய வாட் எண்ணைக் கொடுத்தால் வரம்பு மாறிவிடும். நிர்வாகி உரிமை வேண்டும். ‘ஐ’ என்ற குறியைச் சேர்த்துக் கார்டு எண்ணைக் கொடுத்தால் ஒவ்வொரு கார்டுக்கும் தனித்தனி வரம்பு வைக்கலாம். எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை போகலாம் என்பதை அதே கருவி காட்டும். விண்டோஸில் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட் என்ற நகர்த்தியை 75, 80 விழுக்காட்டுக்கு இழுத்தால் போதும். கணினியை அணைத்து எழுப்பினால் லினக்ஸில் இந்த வரம்பு பழைய நிலைக்குப் போய்விடும். அதனால் கணினி எழும்போதே கட்டளை ஓடும்படி, லினக்ஸில் தானாகத் தொடங்கும் வேலைகளைக் கவனிக்கும் சிஸ்டம்டியில் ஒரு சேவையாக எழுதி வைப்பது கட்டாயம். மின்வெட்டு வந்து போகும் ஊரில் இதை மறந்தால், திரும்ப எழும் கணினி முழு 350 வாட்டில் ஓடத் தொடங்கிவிடும்.

மேல் கார்டுக்குக் கீழ் கார்டைவிட 20, 30 வாட் குறைவாக வையுங்கள். இரண்டும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மாதிரிக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் மட்டும் வேகமான கார்டு மெதுவான கார்டுக்காகக் காத்திருக்கும் என்பதால் வித்தியாசத்தை அதிகமாக்க வேண்டாம்.

என் பரிந்துரை இரண்டு அமைப்புகளை வைத்துக்கொள்வது. ஐப்பசி முதல் மாசிவரை ஒன்று: 3090 என்றால் 300 வாட். பங்குனி முதல் புரட்டாசிவரை மற்றொன்று: 250 முதல் 270 வாட். நாட்காட்டியில் குறித்து வைத்து மாற்றுங்கள்.

வேலையைப் பிரிக்கும் முறையும் வெப்பத்தை மாற்றும். மாதிரியை அடுக்கு அடுக்காகப் பிரித்து இரண்டு கார்டுகளில் வைத்தால், ஒற்றைக் கேள்விக்கு இரண்டும் மாறி மாறித்தான் வேலை செய்யும். சராசரி வெப்பம் குறைவு. ஒவ்வொரு அடுக்கையும் குறுக்கே வெட்டிப் பகிர்ந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் முழு மூச்சாக உழைக்கும். விடை விரைவாக வரும், வெப்பமும் கூடும். மதிய வேளைக்கு முதல் முறையே போதும்.

படி 5: கேபினெட்டுக்குள் காற்றுக்கு ஒரு திசை கொடுங்கள்

எளிய சூத்திரம் ஒன்று இருக்கிறது. வாட்டை மூன்றால் பெருக்கி, காற்று எத்தனை டிகிரி ஏற அனுமதிக்கிறீர்களோ அதனால் வகுத்தால், மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்று வேண்டும் என்பது கிடைக்கும். 1,000 வாட், 10 டிகிரி ஏற்றம் என்றால் மணிக்கு 300 கன மீட்டர். ஃபேன் பெட்டிகளில் சிஎஃப்எம் (நிமிடத்துக்கு எத்தனை கன அடி) என்ற அளவில் போட்டிருப்பார்கள், அதை 1.7-ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கன மீட்டர் என்பது கிடைக்கும். 60 சிஎஃப்எம் என்று எழுதிய 120 மில்லிமீட்டர் ஃபேன் ஏறத்தாழ 100 கன மீட்டர் தள்ள வேண்டும். ஆனால் அது தடையில்லாத வெளியில் அளந்தது. தூசி வடிகட்டியும் கம்பி வலையும் எதிரே இருந்தால் பாதிதான் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக, மூன்று ஃபேன் என்று கணக்கு சொன்னால் ஆறு வேண்டும்.

முகப்பில் கண்ணாடி போட்ட கேபினெட்டை வாங்காதீர்கள். பார்க்க அழகு, ஆனால் காற்று நுழைய வழியில்லை. முகப்பு முழுவதும் வலையாக இருப்பதே நமக்கு வேண்டும். முன்னாலும் கீழேயும் உள்ளிழுக்கும் ஃபேன்கள், பின்னாலும் மேலேயும் வெளித்தள்ளும் ஃபேன்கள். உள்ளிழுக்கும் அளவு சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். அப்போது இடுக்குகள் வழியாகக் காற்று வெளியேதான் போகும், வடிகட்டாத தூசி உள்ளே வராது. கார்டுகளின் ஓரத்தை நோக்கி ஒரு ஃபேனைப் பக்கவாட்டில் வைத்து, இரண்டு கார்டுகளின் இடைவெளிக்குள் ஊதவிட்டால் மேல் கார்டு உடனே சில டிகிரி இறங்கும். 3090 என்றால் பின்தகட்டின் மேலும் சிறிய ஃபேன் ஒன்று ஊதட்டும்.

வெப்பம் குறைவாக இருக்கும்போது கார்டு ஃபேன்கள் நின்றுவிடும் வசதியை அணைத்துவிடுங்கள். 35 டிகிரி அறையில் அதனால் ஒரு நன்மையும் இல்லை. ஃபேன் வாங்கும்போது பால் பேரிங் அல்லது திரவப் பேரிங் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஸ்லீவ் பேரிங் ஃபேன்கள் சூட்டில் எண்ணெய் வறண்டு சீக்கிரம் சத்தம் போடும், படுக்கைவாட்டில் பொருத்தினால் இன்னும் சீக்கிரம்.

படி 6: அறையிலிருந்து தெருவுக்கு

10 அடிக்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்றால் உள்ளே இருக்கும் காற்று 34 கன மீட்டர். எடை ஏறத்தாழ 40 கிலோ. சுவர் எதையும் உறிஞ்சாது என்று வைத்தால், 1,000 வாட் கணினி அந்தக் காற்றை 40 விநாடிக்கு ஒரு டிகிரி வீதம் சூடாக்கிவிடும். சுவரும் தரையும் உறிஞ்சுவதால் உண்மையில் இவ்வளவு வேகம் இல்லை. ஆனால் காலையிலிருந்து மொட்டை மாடி வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம், மாலையில் உறிஞ்சும் நிலையில் இருக்காது. அதுவே வெப்பத்தைக் கீழே விட்டுக்கொண்டிருக்கும்.

எனவே எந்த அறையில் கணினியை வைப்பது என்பதுதான் முதல் முடிவு. மாடி அறையைத் தவிருங்கள். கீழ்த்தள அறை, வடக்கு அல்லது கிழக்குப் பார்த்த அறை நல்லது. பழைய நெல்லை வீடுகளில் தடித்த சுவரும் மச்சும் உள்ள நடு அறை, வெயில் படாத பட்டாசல் (கூடம்) ஆகியவை மாடி அறையைவிட மதியத்தில் பல டிகிரி குளிர்ந்திருக்கும். மாடியைவிட்டால் வேறு இடம் இல்லை என்றால், மொட்டை மாடியில் தட்டோடு பதிப்பதும் வெள்ளைச் சுண்ணாம்போ வெயிலைத் திருப்பும் பெயின்டோ அடிப்பதும் கணினிக்காகச் செய்யும் செலவாகவே கருதத்தக்கவை.

ஏசி இல்லாத அறைக்கு அதே சூத்திரத்தைப் போடுங்கள். அறை வெளியைவிட 5 டிகிரிக்கு மேல் ஏறக்கூடாது என்றால் 1,000 × 3 ÷ 5, அதாவது மணிக்கு 600 கன மீட்டர். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனின் பெட்டியில் அதன் அளவு அச்சிட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள். அதைக் கணினியின் பின்புறத்துக்கு மேலே, சுவரின் உச்சியில் பொருத்துங்கள். எதிர்ச் சுவரின் கீழ்ப்பகுதியில் காற்று உள்ளே வரத் திறப்பு வேண்டும். திறப்பே இல்லாமல் எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் அது சத்தம் போடுமே தவிர வேலை செய்யாது. ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். அந்த நாட்களில் மேற்கு ஜன்னல் உள்வழியாகவும் கிழக்குச் சுவர் வெளிவழியாகவும் இருந்தால் காற்றே பாதி வேலையைச் செய்துவிடும். எக்ஸாஸ்ட் ஃபேனை மேற்குச் சுவரில் வைத்தால் அது பருவம் முழுவதும் எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டும்.

கூரை ஃபேனை நம்பாதீர்கள். மேலே தேங்கிய சூட்டைக் கீழே இறக்கிக் கலக்குவதுதான் அதன் வேலை. மனிதருக்கு வியர்வை இருப்பதால் இதமாக இருக்கும். கணினிக்கு வியர்வை இல்லை.

ஏர் கூலர் வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். சித்திரை, வைகாசியின் உலர்ந்த மதியத்தில் அது நன்றாகவே குளிரூட்டும். ஆனால் ஜன்னலோரம் வெளிக்காற்றை இழுக்கும்படி வைத்து, அறையின் மறுபுறம் ஈரக்காற்று வெளியேற வழி விட்டால் மட்டுமே பயன் உண்டு. கணினியின் முகத்தை நோக்கி நேரே திருப்பக்கூடாது. நீர்த்துளியும், போர்வெல் தண்ணீரின் உப்பும் உள்ளே போகும்.

ஏசி என்றால், ஒரு டன் என்பது ஏறத்தாழ 3,500 வாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன். 1,000 வாட் கணினி அதில் கால் பங்குக்கு மேல் எடுத்துக்கொள்ளும். வெளியே 40 டிகிரி அடிக்கும்போது ஏசியின் திறனும் குறையும். ஆள் இருப்பதற்கு ஒரு டன் போதும் என்று முடிவு செய்த மாடி அறையில், கணினியும் இருந்தால் ஒன்றரை டன் போடுங்கள். கணினியின் 1,000 வாட் வெப்பத்தை வெளியேற்ற ஏசி தானும் 300 வாட் அளவுக்குக் கூடுதலாக இழுக்கும். படி 4-இல் குறைத்த ஒவ்வொரு வாட்டும் இங்கே இன்னொரு முறை மிச்சமாகிறது.

நீண்ட வேலைகளை இரவுக்குத் தள்ளுங்கள். ஆனால் சூரியன் மறைந்ததும் தொடங்க வேண்டாம். தளம் ஆறும்வரை பொறுத்து, இரவு 10, 11 மணிக்குத் தொடங்கிக் காலை 8 மணிவரை ஓடவிடுவதே கோடையில் நல்ல நேரம்.

படி 7: தூசி, தேரி மண், உப்புக்காற்று

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். இராதாபுரம், பணகுடி, வள்ளியூர் வட்டாரத்தில் காற்றாலைகளைச் சுழற்றும் அந்தக் காற்று மண்ணையும் சேர்த்தே கொண்டுவருகிறது. திசையன்விளை, உவரிப் பக்கத்தில் தேரிக்காடு எனப்படும் செம்மணல் மேடுகளிலிருந்து நுண்ணிய துகள்கள் பறந்து வரும். சாதாரணக் கேபினெட் வடிகட்டியின் கண் வழியாக நுழைந்து ஹீட்சிங்கின் தகடுகளுக்கு நடுவே படிந்துவிடும். அந்தப் பகுதிகளில் ஆனி முதல் ஆவணிவரை வடிகட்டிகளை வாரம் ஒருமுறை கழுவிக் காயவைத்துப் போடுங்கள். மற்ற இடங்களில் மாதம் ஒருமுறை போதும். காற்று வரும் ஜன்னலுக்குக் கொசுவலையும் அதன் உட்புறம் மெல்லிய வடிகட்டித் துணியும் போட்டால் கேபினெட்டின் பாரம் பாதியாகும்.

உட்புறம் சுத்தம் செய்யும்போது கணினியை முற்றத்துக்குக் கொண்டுபோய், மின்சாரத்தைத் துண்டித்து, காற்று ஊதும் கருவியால் ஊதுங்கள். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். ஊதும் காற்றில் கட்டுக்கடங்காமல் சுழன்றால் பேரிங் கெடும்.

உவரி, இடிந்தகரை, கூடங்குளம் போன்ற கடலோர ஊர்களில் உப்புதான் எதிரி. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் படிந்திருக்கும் உப்பு, ஈரத்தை உறிஞ்சித் தானே கரைசலாகிவிடும். அது இணைப்பு முனைகளை அரிக்கும், மின்கசிவுக்கும் வழி செய்யும். அங்கே வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் முறை வேண்டாம். ஜன்னலைச் சாத்தி ஏசி போடுவதே சரி. ஓடும் கணினி அறையைவிடச் சூடாக இருப்பதால் அதில் ஈரம் படியாது. அணைத்துக் குளிர்ந்த கணினி இருக்கும் ஏசி அறையில், ஐப்பசி மழை நாளில் ஜன்னலைத் திறந்தால்தான் படியும்.

எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் பல்லி புகுந்து வெடிப்பது நம் வீடுகளில் நடப்பதுதான். திறந்திருக்கும் ஸ்லாட் மூடிகள், கேபிள் துளைகள் எல்லாவற்றையும் வலை வைத்து அடையுங்கள்.

படி 8: பேஸ்ட்டும் பேடும்

ஹாட்ஸ்பாட்டுக்கும் சில் வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசம் 10 முதல் 15 டிகிரி இருப்பது இயல்பு. 25-ஐ நெருங்கினால் சில்லுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே உள்ள பேஸ்ட் காய்ந்தோ ஒதுங்கியோ போயிருக்கிறது. வாரன்டி இருந்தால் முதலில் கடையில் கேளுங்கள். இல்லையென்றால் கழற்றி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, புதிய பேஸ்ட் போடலாம். நினைவகத்தின் மேல் இருக்கும் பேடுகளை மாற்றும்போது தடிமன்தான் முக்கியம். அரை மில்லிமீட்டர் கூடினாலும் ஹீட்சிங்க் சில்லின் மேல் சரியாக அமராது, இருந்ததைவிட மோசமாகிவிடும். உங்கள் கார்டு மாடலுக்கான தடிமனைத் தெரிந்துகொள்ளாமல் கழற்ற வேண்டாம்.

படி 9: வயரும் பிளக்கும்

கார்டுக்குப் போகும் ஒவ்வொரு எட்டு முள் இணைப்பும் 150 வாட்டுக்கு உரியது. ஒரே கேபிளின் இரண்டு தலைகளை ஒரு கார்டில் செருகாமல், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனித்தனிக் கேபிள் எடுங்கள். 4090, 5090 கார்டுகளின் பதினாறு முள் இணைப்பு கடைசிவரை உள்ளே போயிருக்க வேண்டும். பாதி செருகியிருந்தால் முனை உருகும். இணைப்பை ஒட்டியே கேபிளை மடக்கவும் கூடாது.

சுவரில் 6 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் 1,380 வாட்தான் தாங்கும். ஆயிரம் வாட்டைத் தொடர்ந்து இழுக்கும் கணினிக்கு 16 ஆம்பியர் பவர் பிளக்கே சரி. சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். கையால் தொட்டுப் பாருங்கள். பிளக் சுடுகிறது என்றால் அன்றே மின்பணியாளரை அழையுங்கள்.

படி 10: தானே நிறுத்திக்கொள்ளும் ஏற்பாடு

இரவில் நீங்கள் தூங்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேன் நின்றுபோகலாம், ஏசி ட்ரிப் ஆகலாம். அரை நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பத்தைப் பார்த்து, சில் 84-ஐத் தாண்டினால் மின் வரம்பை 200-க்கு இறக்கும், 88-ஐத் தாண்டினால் வேலையைச் சேமித்து நிறுத்தும் சிறிய நிரலை எழுதி ஓடவிடுங்கள். கார்டுக்குச் சொந்தப் பாதுகாப்பு உண்டு, ஆனால் அது கார்டை மட்டும்தான் பார்க்கும். அறையையோ பாதியில் நிற்கும் உங்கள் வேலையையோ பார்க்காது. பயிற்சி வேலையில் குறிப்பிட்ட இடைவெளியில் நிலையைச் சேமிப்பதும் இதோடு சேர வேண்டும்.

யுபிஎஸ் வைத்திருப்பவர்கள், மின்சாரம் போன உடன் வேலையை நிறுத்திச் சில நிமிடம் ஃபேன்கள் மட்டும் ஓடும்படி அமைக்கலாம். வீட்டு இன்வெர்ட்டரில் இவ்வளவு பெரிய சுமையைப் போடக்கூடாது. மின்சாரம் திரும்பியதும் கணினி தானாக எழும் அமைப்பு பயாஸில் இருக்கும், அதை அணைத்துவையுங்கள். பல ஏசிகள் மின்சாரம் வந்தாலும் ரிமோட்டை அழுத்தும்வரை ஓடத் தொடங்காது. ஏசியோ எக்ஸாஸ்ட் ஃபேனோ ஓடுகிறதா, நீங்கள் வைத்த குறைந்த மின் வரம்பு மீண்டும் நடைமுறைக்கு வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு கார்டுகளுக்கு வேலை கொடுங்கள்.